கதவைச் சாத்திய பிறகு

1

ராபர்ட் தெ நோபிலி இறந்தது மயிலாப்பூரில். 1656ம் வருஷம் ஜனவரி 16ந் தேதி. மதுரையோடு சேர்த்தே சொல்லிப் பழகிவிட்ட பெயர் என்பதால் இது பலருக்குச் செய்தியாகத்தான் இருக்கும். சாந்தோம் நெடுஞ்சாலை வழியாகத் தினமும் பஸ்ஸில் பாங்குக்குப் போய்த் திரும்புகிற எனக்கே இது முப்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது. 1606ல் மதுரைக்கு வந்து, காவி கட்டி, மாமிசம் தவிர்த்து, தத்துவ போதகர் என்று பெயர் சூட்டிக்கொண்டவர், கடைசிக் காலத்தில் கண்பார்வை மங்கி இங்கே கடலோரத்தில் முடிந்துபோனார். இந்த நாட்டில் அவர் இருந்தது ஐம்பது வருஷம். தமிழ் உரைநடையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அவருடைய ‘ஞானோபதேச காண்ட’த்தையும் ‘ஆத்தும நிர்ணய’த்தையும் ‘தூஷண திக்கார’த்தையும் தாண்டி மேலே போக முடியாது.

இவ்வளவு எழுதிய மனிதர், விடியற்காலையில் முழங்காலிட்டபோது அவருக்குள் என்ன நேர்ந்தது? எந்த நாளில் செபம் வறண்டு போயிற்று? எந்த நாளில், தான் கட்டியிருக்கிற காவி வேஷமா விரதமா என்ற சந்தேகம் வந்தது? அவருடைய தமிழில் இதற்கு விடை இல்லை. ஆத்துமா என்பது இன்னதென்று தமிழில் நிர்ணயித்தவர், தன் ஆத்துமாவைப் பற்றித் தமிழில் பேசவில்லை. தன் வழிமுறையைக் குறை கூறியவர்களுக்குத் தன் தரப்பை விரிவாக எடுத்துரைத்தார். ஆனால் லத்தீனில்.

இன்னொரு துறவி 1968 நவம்பரில் இதே மயிலாப்பூருக்கு வந்தார். அமெரிக்க டிராப்பிஸ்ட் மடத்தைச் சேர்ந்த தாமஸ் மெர்ட்டன். சில நாள்தான் சென்னையில் தங்கினார். சாந்தோம் கோயிலையும் பரங்கிமலையையும் மாமல்லபுரத்தையும் பார்த்தார். பிறகு இலங்கை போய் பொலன்னறுவையில் புத்தர் சிலைகளின் முன் நின்றார். டிசம்பர் 10ந் தேதி பாங்காக் அருகே ஒரு மாநாட்டுக்குப் போன இடத்தில் இறந்துபோனார். அவருடைய ஆசியப் பயணக் குறிப்பேடு 1973ல் புத்தகமாக வந்தது. லஸ் நடைபாதையில் பழைய புத்தகமாக அது என் கைக்குக் கிடைத்தது. சில நாள் இங்கே இருந்துவிட்டுப் போனவரின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது, எதில் சலித்தது என்பதெல்லாம் எனக்குத் தெரிகிறது. ஐம்பது வருஷம் என் மொழியில் எழுதியவரின் மனம் தெரியவில்லை.

இது நோபிலி என்ற தனி மனிதரின் கூச்சம் சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. தமிழில் கத்தோலிக்கம் எழுதப்பட்ட விதத்தையே சம்பந்தப்படுத்துகிற விஷயம் என்பது என் கட்சி.

2

கையில் இருப்பதை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகங்கள் கத்தோலிக்கப் புத்தகங்கள். ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற சேசு சபைப் பாதிரியாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578ல் கொல்லத்தில் வந்தது. அடுத்த வருஷம் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’. 1580ல் ‘கொம்பெசியொனாயரு’. இது பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறவன் தன்னைத் தானே எப்படிச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் கையேடு. 1586ல் ‘அடியார் வரலாறு’. தமிழ் அச்சின் ஆரம்பமே வணக்கமும் பாவசங்கீர்த்தனமும்தான்.

வீரமாமுனிவர் என்கிற பெஸ்கி 1726ல் ‘தேம்பாவணி’யை முடித்தார். 36 படலம், 3615 பாட்டு. காவியத் தலைவன் வளன் என்கிற சூசையப்பர், சுவிசேஷங்களில் ஒரு வார்த்தை கூடப் பேசாத பாத்திரம். ‘தொன்னூல் விளக்கம்’, ‘சதுரகராதி’, உபதேசியார்களுக்கான ‘வேதியர் ஒழுக்கம்’, சிரிக்க வைக்கும் ‘பரமார்த்த குரு கதை’ எல்லாம் இவருடையவை. மெரினாவில் 1968ல் வைத்த சிலையாக இவரை நாம் தினமும் கடந்து போகிறோம். இலங்கையில் ஜாக்கோமே கொன்சால்வெஸ் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் கோயில்களில் வாசிக்கப்பட்டு, கேட்கிறவர்களை அழவைத்தது. இருபதாம் நூற்றாண்டில் தனிநாயகம் அடிகள் ரோமாபுரியில் படித்தார், தூத்துக்குடி மறைமாவட்டத்தில் குருவாக இருந்தார், 1952ல் ‘தமிழ் கல்ச்சர்’ பத்திரிகையைத் தொடங்கினார். 1964ல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முதல் காரணமாக நின்றார். சங்கப் பாட்டையும் நிலத்தையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் ‘ஒன்றே உலகம்’ என்று பயணங்களை எழுதினார்.

அகராதி, இலக்கணம், காப்பியம், தர்க்கம், பிரசங்கம், பரிகாசக் கதை, பயணநூல், ஆராய்ச்சி என்று எல்லாம் இருக்கின்றன. படிப்பு என்று எடுத்துக்கொண்டால் இதற்கு ஈடான உழைப்பை வேறு எந்தச் சிறு சமூகமும் தமிழுக்குச் செய்ததாகச் சொல்ல முடியாது. இந்த உழைப்பு அத்தனையும் செபித்த மனிதர்களின் உழைப்பு. நாளில் பல தடவை மணியடித்து நிறுத்தப்பட்ட உழைப்பு. ஆனால் அந்த நிறுத்தத்தில் என்ன நடந்தது என்பது தமிழில் பதிவாகவில்லை. அகுஸ்தினாருடைய ‘ஒப்புதல்க’ளைப் போல ஒன்று, அவிலா தெரேசம்மாளின் சுயசரிதம் போல ஒன்று, ஒரு சின்னப் பிரதி கூட, தமிழ்க் கத்தோலிக்கனின் கையிலிருந்து பிறந்து நம் இலக்கியப் பிரக்ஞையில் இடம் பெறவில்லை.

தமிழ் மொழிக்குத் தன்னிலையில் கடவுளோடு பேசத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மாணிக்கவாசகரும் நம்மாழ்வாரும் வேறு எதைச் செய்தார்கள்? கிறிஸ்தவத்துக்குள்ளேயே புராட்டஸ்டண்டான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய மனோகர’த்தில் தன்னிலையில் உருகினார். வைஷ்ணவராகப் பிறந்தவர் அவர். மதம் மாறியபோது ஆழ்வார்களின் ‘நான்’ அவரோடு கூடவே வந்துவிட்டது. ஆகவே குறை மொழியில் இல்லை. மொழிக்கு என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

3

ஐரோப்பாவில் இந்த மாதிரி எழுத்து எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் ஒரு விஷயம் துலங்குகிறது. அவர்கள் எல்லோரும் தாங்களாகவே ஆசைப்பட்டு எழுதியவர்கள் அல்ல. அவிலா தெரேசம்மாளை எழுதச் சொன்னவர்கள் அவளுடைய பாவசங்கீர்த்தனக் குருமார். இஞ்ஞாசியார் தன் கதையைச் சொல்ல, பக்கத்திலிருந்தவர் எழுதிக்கொண்டார், அதுவும் சகோதரர்கள் கெஞ்சிக் கேட்ட பிறகு. லிசியே தெரேசம்மாள் எழுதியது மடத்துத் தலைவியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து. ஸ்தாபனம் அந்தரங்கத்தைக் கேட்டது, அதைத் தாய்மொழியில் கேட்டது. ஸ்பானிய உரைநடைக்கும் அதனால் லாபம் வந்தது.

இங்கே ஸ்தாபனம் கேட்டது வேறு. மதுரை மிஷனிலிருந்து வருஷாந்திரக் கடிதங்கள் போயின. அவை போர்த்துகீசிலும் லத்தீனிலும் போயின. எத்தனை ஞானஸ்நானம், எந்தப் பாளையக்காரன் உபத்திரவம் செய்தான், யார் சிறையில் இருக்கிறார் என்கிற கணக்கோடு, எழுதுகிறவனின் சோர்வும் ஆறுதலும் கூட அவற்றில் போயின. தன்னைச் சொல்லும் மொழி கப்பலேறிப் போயிற்று. இங்கே தங்கியது போதிக்கும் மொழி. தமிழ் என்பது பிறருக்குச் சொல்வதற்கு. தன்னைச் சொல்ல அல்ல. இந்தப் பாகுபாட்டை யாரும் சட்டமாக எழுதவில்லை. ஆனால் முந்நூறு வருஷம் அது சட்டத்தைப் போலவே இயங்கியது.

இந்த நாட்டுக் குருமார் வந்த பிறகும் நிலைமை மாறவில்லை. காரணம் வெளிப்படையானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடிச் சீர்திருத்தம் செய்யும்வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. குருமடத்தில் தத்துவமும் தேவசாஸ்திரமும் லத்தீனில். குருவானவர் நாள்தோறும் சொல்லக் கடமைப்பட்ட வேளைச் செபமும் லத்தீனில். தமிழில் செபித்தவர்கள் யார்? கோயிலின் பின்பக்கத்தில் தரையில் உட்கார்ந்து செபமாலை உருட்டிய கிழவிகள், கட்டுமரக்காரர்கள், வயலில் கூலி வேலை செய்தவர்கள். அவர்களிடம் பரமண்டல மந்திரமும் பிரியதத்த மந்திரமும் மனப்பாடமாக இருந்தன. படித்தவனின் செபம் ஒரு மொழியில், படியாதவனின் செபம் ஒரு மொழியில். செபமும் படிப்பும் ஒரே ஆளின் ஒரே நாக்கில் சந்தித்தால்தான் நான் தேடுகிற எழுத்து பிறக்கும். அந்தச் சந்திப்பு நடக்க இடமே இல்லாமல் இருந்தது.

பாவசங்கீர்த்தனம் மட்டும் தமிழில் நடந்தது. அதிலும் ஒரு வினோதம் உண்டு. தன்னிலையில், தாய்மொழியில், பொய் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு, லட்சோபலட்சம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். இதைவிடப் பெரிய சுயசரிதை இயக்கம் தமிழில் நடந்ததில்லை. கேட்ட காது அதை வெளியே விடக் கூடாது என்பது சட்டம். சட்டம் சரியானதே. ஆனாலும் 1580ல் கையேடு அச்சிட்டுத் தந்த மொழியில், அந்தப் பயிற்சியின் தழும்பு கூட எழுத்தில் விழாமல் போனது சாதாரண இழப்பு அல்ல.

4

என் வாதத்துக்கு நேர்ச் சாட்சி ஒருவர் இருக்கிறார். எங்கள் கிளையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் விஷயமாக மாதம் ஒரு முறையாவது வருவார், வந்தால் என் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்துவிட்டுத்தான் போவார். கத்தோலிக்கர். விடியற்காலைப் பூசை தவறியதில்லை. மத்தியானம் இரண்டு மணி நேரம் படிப்பு. வருஷம் ஒரு முறை ஞான ஒடுக்கம். கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்தவர்தான். ஆனால் அவர் வாழ்வது துறவியின் கால அட்டவணை.

இஞ்ஞாசியாரின் ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் ஒரு வழி சொல்லியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட குற்றத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு போட்டு, அதில் எத்தனை முறை விழுந்தோமோ அத்தனை புள்ளி வைக்க வேண்டும். மத்தியானம் ஒரு கணக்கு, ராத்திரி ஒரு கணக்கு. நேற்றையதோடு இன்றையதை, போன வாரத்தோடு இந்த வாரத்தை ஒப்பிட வேண்டும். பேரேடு எழுதிப் பழகிய கை அவருடையது. இதை முப்பது வருஷமாக நோட்டுப் புத்தகத்தில் செய்து வருகிறார். புள்ளிகளுக்குக் கீழே சில வரி எழுதுவார். ஒருநாள் ஒரு பக்கத்தைக் காட்டினார். ஆங்கிலத்தில் இருந்தது.

செபமாலை எந்த மொழியில் என்று கேட்டேன். ‘அது தமிழ்தான் சார். எங்கம்மா சொல்லிக் கொடுத்தது.’ பின்னே இது ஏன் ஆங்கிலத்தில்? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘தமிழ்ல எழுதினா பிரசங்கமாயிடுது சார். நான் எனக்கே பூசை வைக்கிற மாதிரி இருக்கு.’

தமிழ்க் கத்தோலிக்க உரைநடையைப் பற்றி இதைவிடக் கச்சிதமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. தனக்குத்தானே பேச உட்கார்ந்தவனின் வாயில் நாலு நூற்றாண்டுப் பிரசங்கி வந்து உட்கார்ந்துகொள்கிறான். ஆங்கிலம் அவருக்கு அந்நியமாக இருப்பதாலேயே அந்தரங்கமாக இருக்கிறது. நம்மில் பி.ஏ. ஆங்கிலம் படித்த எல்லோருக்கும் இந்தச் சௌகரியம் பரிச்சயமானதே. அதன் விலையை மட்டும் நாம் கணக்குப் பார்ப்பதில்லை.

5

இந்த இடத்தில் சாந்திவனத்தைக் கொண்டுவந்து என்னை மறுக்கலாம். 1950ல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், ஜூல் மொன்ஷானென், ஹென்றி ல சோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் ஒரு ஆசிரமம் கண்டார்கள். தரையில் உட்கார்ந்தார்கள், காவி கட்டினார்கள். போதிக்க வரவில்லை, செபிக்க வந்தோம் என்றார்கள். மொன்ஷானென் பெரும் படிப்பாளி, எழுதியது சொற்பம். 1957ல் பாரிஸில் இறந்தார். ல சோ அபிஷிக்தானந்தர் ஆனார். 1949ல் ரமணரைப் பார்த்தார். திருவண்ணாமலைக் குகைகளில் தங்கினார். திருக்கோயிலூரில் ஞானானந்தரிடம் சிஷ்யனாக உட்கார்ந்தார். அத்வைத அனுபவம் ஒரு பக்கம், அன்றாடம் கையிலேந்தும் அப்பம் ஒரு பக்கம். இரண்டும் உண்மையென்றால் நான் யார் என்று இருபது வருஷத்துக்கு மேல் நாட்குறிப்பில் தன்னைக் கிழித்துக்கொண்டார். 1973ல் இந்தூரில் இறந்தார். நாட்குறிப்பு 1986ல் வெளிவந்தது.

நான் தேடுகிற புத்தகம் அதுதான். அதன் முக்கியமான பகுதிகள் எழுதப்பட்டது தமிழ்நாட்டில். எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு. ஸம்ஸ்கிருதமும் தமிழும் அங்கங்கே சொற்களாக வந்து போகின்றன. ஞானானந்தர் பேசிய தமிழ் பிரெஞ்சில் உறைந்து, ஆங்கிலத்தின் வழியாக நமக்குத் திரும்பி வருகிறது. 1968ல் சாந்திவனத்தை ஏற்றுக்கொண்ட பீட் கிரிஃபித்ஸ் 1993ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய புத்தகங்கள் அழகான ஆங்கிலம், ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலம்.

இவர்களைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. தாய்மொழியில் தன்னைச் சொல்லிக்கொள்ள எல்லோருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியத் தன்மையைத் தேடிய இவர்கள் ஆசிரமத்துக்குப் பெயர் தேடியபோதும், தங்களுக்குப் பெயர் தேடியபோதும், திரித்துவத்துக்கு ஒப்புமை தேடியபோதும் போய் நின்ற இடம் ஸம்ஸ்கிருதம். சச்சிதானந்தம் கிடைத்தது. தேவாரம் பாடப்பட்ட காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு உபநிஷத்தைத் தேடினார்கள். மாலைப் பிரார்த்தனையில் தமிழ்ப் பக்திப் பாடல்கள் இடம் பெற்றதை மறுக்கவில்லை. ஆனால் உள்போராட்டம் நடந்த மேடையில் தமிழுக்கு இடமில்லை. நோபிலியிடம் லத்தீன் இருந்த இடத்தில் இங்கே ஸம்ஸ்கிருதமும் பிரெஞ்சும் உட்கார்ந்தன. தமிழ் பழைய இடத்திலேயே, அதாவது அக்கம்பக்கத்தாரோடு பேசும் மொழியாகவே இருந்தது.

6

தமிழர்கள் என்ன செய்தார்கள்? தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். 1879ல் வந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் கடவுள் உண்டு, நீதி உண்டு, கத்தோலிக்கனின் அந்தரங்கம் இல்லை. ‘சர்வசமய சமரசக் கீர்த்தனைகள்’ எழுதியவரிடம் அதை எதிர்பார்ப்பது தவறாகவும் இருக்கலாம். வெகு காலத்துக்குப் பின் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பரதவர் வாழ்க்கையை விஸ்தாரமாகக் கொண்டுவந்தது. அங்கே செபம் சமூகத்தின் செபம், கடலுக்கும் கோயிலுக்கும் நடுவே நிற்கிற சத்தம்.

தன்னிலையில், பேச்சுத் தமிழில், கான்வென்ட் வாழ்க்கையை உள்ளிருந்து சொன்ன புத்தகம் 1992ல் வந்தது. பாமாவின் ‘கருக்கு’. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று கன்னியாஸ்திரீயாகப் போன ஒரு தலித் பெண், அங்கேயும் ஜாதியைக் கண்டு, செபத்துக்கும் வாழ்க்கைக்கும் நடுவே விழுந்திருக்கிற இடைவெளியைக் கண்டு, வெளியே வந்த கதை. இதை தலித் இலக்கியம் என்ற தலைப்பில் மட்டுமே படிப்பது நம் சோம்பல். அது கத்தோலிக்க ஆன்மீக எழுத்தும்தான். கோயிலின் பின்பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தவர்களின் தமிழ் படிப்பையும் பெற்று, தன்னையும் சோதித்து, முதல் முறையாக எழுத்தில் பேசியது. செபம், படிப்பு, தன்னிலை மூன்றும் ஒரே நாக்கில் சந்தித்த இடம் அது. அந்தச் சந்திப்புக்கு மடத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது என்பதைத் தமிழ்த் திருச்சபை யோசிக்கட்டும். நாமும் யோசிக்கலாம். தங்கியவர்கள் பேசவில்லை, போனவர் பேசினார்.

7

ஒரு ஆட்சேபம் பாக்கி இருக்கிறது. அதுவே பலமானது. செபிக்கிறவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது இயேசுவின் போதனை. அப்படியென்றால் நான் குறை என்று சொல்வதெல்லாம் கீழ்ப்படிதல் ஆகாதா? நோபிலியின் மௌனம் தோல்வி அல்ல, விரதம் என்று ஏன் சொல்லக் கூடாது? ஓய்வு பெற்ற நண்பரிடம் இதைக் கேட்டேன். ‘கதவைச் சாத்திக்கிறது சரி சார். உள்ளே போய் எந்த பாஷைல பேசறதுன்னு தெரியணுமில்லே’ என்றார்.

மௌனம் என்றால் சொல்ல இருக்கிறவன் சொல்லாமல் இருப்பது. சொல்ல மொழி இல்லாதவன் சும்மா இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. தமிழ்க் கத்தோலிக்கனுக்கு அந்தத் தேர்வே தரப்படவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. இது கத்தோலிக்கர்களின் குடும்ப விவகாரம் என்று மற்றவர்கள் ஒதுங்கவும் முடியாது. மேடையிலும் தலையங்கத்திலும் பிரசங்கியின் தமிழையே கேட்டு வளர்ந்த நாம் எல்லோரும், நமக்குள் பேசிக்கொள்ளும்போது எந்தத் தமிழில் பேசுகிறோம்?

போன மாதம் அவர் வந்தபோது நோட்டைக் கொண்டுவந்திருந்தார். புள்ளிகளுக்குக் கீழே நாலு வரி, தமிழில். ‘இது தமிழா பாருங்க சார்’ என்றார். முதல் இரண்டு வரி பிரசங்கம். கடைசி வரி மனப்பாடம். மூன்றாவது வரியை அடித்திருந்தார். அடித்ததற்குக் கீழே எழுத்து தெரிந்தது. அந்த ஒன்றுதான் தமிழ் என்று சொன்னேன். அதை இங்கே எடுத்துப் போட எனக்கு உரிமை இல்லை.